பிட்காயின் கோர் பிளாக்குகளை எப்படிச் சேமிக்கிறது, எந்தச் செயினை எடுத்துக்கொள்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாக்செயின் என்றதும் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி ஒன்று டிஸ்கில் அப்படியே படுத்திருக்கும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். நானும் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் டிஸ்கில் கிடப்பது வந்த வரிசையில் கொட்டிய பிளாக்குகளின் (பரிவர்த்தனைகளைத் தொகுத்த கட்டுகளின்) குவியல். அதில் எது "செயின்" என்பதை உங்கள் கணினியே கணக்குப் போட்டு முடிவு செய்கிறது, தேவைப்பட்டால் அந்த முடிவை மாற்றியும் கொள்கிறது. இந்தக் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றித்தான். பல மென்பொருட்கள் இருந்தாலும், 2009 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பிட்காயினின் கோர் மென்பொருளை வைத்தே சொல்கிறேன், எனக்கு நன்றாகப் பழகியது அதுதான்.

பிட்காயின் கோரை நிறுவினேன். பிளாக்குகள் எங்கே போய் உட்காருகின்றன?

லினக்ஸ் என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ".பிட்காயின்" என்று புள்ளியில் தொடங்கும், சாதாரணமாகக் கண்ணில் படாத ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் நமக்கு முக்கியமானவை இரண்டு: "பிளாக்ஸ்", "செயின்ஸ்டேட்". பிளாக்ஸுக்குள் பிஎல்கே00000.டேட், பிஎல்கே00001.டேட் என்று எண் போட்ட ஃபைல்கள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 128 எம்பி. இன்றைய பிளாக் அளவுக்கு ஒரு ஃபைலில் எழுபது, எண்பது பிளாக் அடங்கும். ஒவ்வொரு பிஎல்கே ஃபைலுக்கும் ஜோடியாக அதே எண்ணில் ரெவ்00000.டேட் என்று இன்னொரு ஃபைல் (அது எதற்கு என்று பின்னால் வருகிறேன்). கூடவே "இண்டெக்ஸ்" என்று ஒரு சின்ன ஃபோல்டர். மொத்தமாக 600 ஜிபி-க்கு மேல் இடம் வேண்டும், அதனால் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

பிஎல்கே ஃபைலைத் திறந்தால் உள்ளே என்ன தெரியும்?

ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய காரியம் இது. முதல் ஃபைலான பிஎல்கே00000-ஐ ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் நான்கு பைட் எஃப்9 பிஇ பி4 டி9. இது "இங்கே ஒரு பிளாக் ஆரம்பிக்கிறது" என்பதற்கான அடையாளம், எல்லா பிளாக்குக்கும் முன்னால் இதே நான்கு பைட்தான். அடுத்த நான்கு பைட் 1டி 01 00 00. பின்னாலிருந்து முன்னால் படித்தால் 285. முதல் பிளாக்கின் அளவு அவ்வளவுதான், 285 பைட். அப்புறம் பதிப்பு எண், அதையடுத்து 32 பைட் முழுக்க சுழியம். முந்தைய பிளாக்கின் ஹேஷ் (அதன் தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான எண்) இருக்க வேண்டிய இடம் அது, ஆனால் முதல் பிளாக்குக்கு முன்னால் யாரும் இல்லையே. இன்னும் கொஞ்சம் கீழே போனால் 2009 ஜனவரி 3 தேதியிட்ட லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி எழுத்தாகவே தெரியும்: வங்கிகளுக்கு இரண்டாவது முறையாக நிதியுதவி தரும் நிலையில் நிதியமைச்சர் நிற்கிறார் என்ற செய்தி.

ஒரு எச்சரிக்கை. 2024-இல் வந்த 28.0 பதிப்பிலோ அதற்குப் பிறகோ புதிதாக நோட் (இந்த மென்பொருளை ஓட்டி பிட்காயின் வலையமைப்பில் இணையும் கணினி) ஆரம்பித்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பதிப்பிலிருந்து பிளாக் ஃபைல்களை ஒரு தற்செயல் எண்ணோடு எக்ஸ்ஓஆர் செய்து, அதாவது பைட்டுகளை உருமாற்றித்தான் எழுதுகிறார்கள், சாவி அதே ஃபோல்டரில் எக்ஸ்ஓஆர்.டேட் என்ற ஃபைலில் இருக்கும். யாரிடமிருந்தும் எதையும் மறைப்பதற்காக அல்ல. யார் வேண்டுமானாலும் பரிவர்த்தனைக்குள் எந்த பைட்டையும் எழுதலாம் என்பதால் வைரஸின் அடையாள பைட்டுகளையும் எழுதலாம், ஆன்டிவைரஸ் அதைப் பார்த்து மிரண்டு ஃபைலில் கை வைத்துவிடலாம். 2014-இல் ஸ்டோன்ட் என்ற மிகப் பழைய வைரஸின் அடையாளம் இப்படிச் சிக்கி, பலருடைய கணினியில் எச்சரிக்கை வந்தது.

பிளாக்குகள் 1, 2, 3 என்று வரிசையாகத்தானே எழுதப்படும்?

இல்லை. முதல் முறை ஒத்திசைக்கும்போது நோட் ஒரே ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்காது. 2015-இல் வந்த 0.10 பதிப்பு முதல், முதலில் ஹெடர்களை (ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பகுதியை) மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஒரு ஹெடர் 80 பைட்தான், அதனால் மொத்தச் செயினின் ஹெடர்களும் நூறு எம்பி-க்குள் அடங்கிவிடும். ஹெடர்கள் வந்ததுமே எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு அடுத்த 1024 பிளாக்குகளைப் பல நோட்களிடம் பிரித்துக் கேட்கிறது, யார் முதலில் கொடுக்கிறார்களோ அது முதலில் ஃபைலில் ஏறும். ஆகவே 5,00,017-க்குப் பக்கத்தில் 5,00,003 இருக்கலாம். செயினில் சேராமல் தோற்றுப்போன கிளையின் பிளாக்கும் நடுவிலேயே கிடக்கலாம்.

அப்படியென்றால் எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது?

இண்டெக்ஸ் ஃபோல்டர் அதற்குத்தான். லெவல்டிபி என்ற சின்ன டேட்டாபேஸ். ஒவ்வொரு பிளாக்கின் ஹேஷுக்கும் எதிரே அதன் ஹெடர், உயரம் (முதல் பிளாக்கிலிருந்து எத்தனையாவது என்பது), எந்த ஃபைலில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது, எதுவரை சரிபார்த்தாயிற்று, இவ்வளவும் எழுதியிருக்கும். மென்பொருள் கிளம்பும்போது இந்த இண்டெக்ஸ் முழுவதையும் மெமரியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பதிவையும் அதன் முந்தைய பிளாக்கோடு இணைத்து ஒரு மரம் கட்டுகிறது. கவனியுங்கள், மரம்தான். ஒரு பிளாக்குக்கு அப்பா ஒருவர்தான், பிள்ளைகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த மரத்தில் வேரிலிருந்து ஒரே ஒரு நுனி வரை போகும் பாதையை எடுத்துத் தனியாக ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறது. நாம் "செயின்" என்று சொல்வது அந்தப் பட்டியலைத்தான்.

மிக நீளமான செயின்தான் ஜெயிக்கும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே?

பிட்காயினை உருவாக்கிய சடோஷி நாகமோட்டோவின் கட்டுரையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அவர் எழுதிய முதல் மென்பொருளும் உயரத்தைத்தான் பார்த்தது. 2010-இல் அதை மாற்றினார்கள். அன்றிலிருந்து பார்ப்பது எத்தனை பிளாக் என்பதை அல்ல, அந்த பிளாக்குகளை உண்டாக்க எவ்வளவு உழைப்பு கொட்டப்பட்டிருக்கும் என்பதை. இத்தனை வருடம் கழித்தும் "நீளமான செயின்" என்றே சொல்லிக்கொடுப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பாதுகாப்பு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

ஒவ்வொரு ஹெடரிலும் ஓர் இலக்கு எண் இருக்கிறது. பிளாக்கின் ஹேஷ் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. இலக்கு சின்னதாக ஆக, அப்படி ஒரு ஹேஷ் கிடைக்க அதிக முறை முயற்சி செய்ய வேண்டும். 2-இன் 256-ஆம் அடுக்கை, இலக்கோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் சராசரியாக எத்தனை முயற்சி என்று கிடைக்கும். அதுதான் அந்த பிளாக்கின் உழைப்பு. கடினத்தன்மை (இலக்கு எவ்வளவு சின்னது என்பதன் அளவு) 1 என்றால் சுமார் 430 கோடி ஹேஷ். முதல் பிளாக்கிலிருந்து நுனி வரை இவற்றையெல்லாம் கூட்டினால் செயினின் மொத்த உழைப்பு. ஒவ்வொரு பிளாக்கின் பதிவிலும் அதுவரையிலான கூட்டுத்தொகை இருப்பதால் இரண்டு நுனிகளை ஒப்பிடுவது இரண்டு எண்களை ஒப்பிடுவது மட்டும்தான்.

சும்மா எண்ணிக்கையைப் பார்த்தால் என்ன குறை? 430 கோடி ஹேஷ் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நொடிக்கு 100 டெராஹேஷ் (நூறு லட்சம் கோடி ஹேஷ்) செய்யும் மைனிங் இயந்திரம் ஒன்றே ஒன்று இருந்தால் கடினத்தன்மை 1-இல் நொடிக்கு இருபதாயிரம் பிளாக்குக்கு மேல் தள்ளிவிடும். கடினத்தன்மை 2016 பிளாக்குக்கு ஒருமுறை மாறுகிறது, அதுவும் பிளாக்கில் மைனர் (புது பிளாக்கை உண்டாக்குபவர்) எழுதும் நேரத்தை வைத்துத்தான். ஒருவன் பொய்யான நேரங்களை எழுதிக் கடினத்தன்மையைக் கீழேயே பிடித்து வைத்துக்கொண்டு, நம் செயினைவிட அதிக பிளாக் உள்ள ஒன்றைத் தன் வீட்டிலேயே செய்துவிட முடியும். ஆனால் அதில் உள்ள உழைப்பு உண்மையான செயினுக்கு முன் தூசு. எண்ணிக்கையை ஏமாற்றலாம், எரித்த மின்சாரத்தை ஏமாற்ற முடியாது.

அப்போ அதிக உழைப்பு இருந்தால் எதையும் ஏற்றுக்கொள்ளுமா?

இல்லவே இல்லை. முதலில் விதிப்படி சரியா, அப்புறம்தான் உழைப்பு. விதி மீறிய பிளாக் என்று ஒருமுறை குறித்துவிட்டால் அதற்கு மேல் உலகத்து மைனர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டினாலும் உங்கள் நோட் அந்தக் கிளையைத் திரும்பிப் பார்க்காது.

2015 ஜூலை 4 நல்ல உதாரணம். அன்றைக்குத்தான் பரிவர்த்தனைகளின் டிஜிட்டல் கையொப்ப வடிவம் பற்றிய புதிய விதி அமலுக்கு வந்தது. விதிக்குப் பொருந்தாத ஒரு பிளாக் வந்தது, அதை முழுதாகச் சரிபார்க்காமல் ஹெடரை மட்டும் நம்பி வேலை செய்துகொண்டிருந்த சில பெரிய மைனிங் குழுக்கள் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போயின. ஆறு பிளாக் வரை போயிற்று. கொஞ்ச நேரம் அதுதான் அதிக உழைப்புள்ள கிளை. விதியைத் தெரிந்துவைத்திருந்த நோட்கள் அசையவில்லை. பழைய பதிப்புகளும் ஹெடரை மட்டும் பார்க்கும் மொபைல் வாலட்டுகளும்தான் தப்பான பக்கம் போய் நின்றன. கட்டியவர்களுக்கு அந்த ஆறு பிளாக்கின் வருமானமும் போயிற்று. சொந்தமாக முழு நோட் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு மைனர்கள் ஒரே நேரத்தில் பிளாக் கண்டுபிடித்தால்?

இரண்டுக்கும் ஒரே உழைப்பு என்றால் எது முதலில் உங்களிடம் வந்ததோ அதிலேயே நிற்கும். பக்கத்து ஊர் நோட் மற்றதில் நிற்கலாம். தவறு ஒன்றும் இல்லை. அடுத்த பிளாக் எதன் மேல் வருகிறதோ அந்தப் பக்கம் கனம் கூடிவிடும், எல்லாரும் அங்கே சேர்ந்துவிடுவார்கள். பெரிய தொகைக்கு ஆறு பிளாக் காத்திருக்கச் சொல்வதும் புதிதாக உண்டான நாணயத்தை நூறு பிளாக் கழித்துத்தான் செலவழிக்கலாம் என்பதும் இதனால்தான்.

கிளை மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது?

இங்கேதான் செயின்ஸ்டேட்டும் ரெவ் ஃபைல்களும் வருகின்றன. செயின்ஸ்டேட் என்பது இன்னும் செலவழிக்கப்படாத எல்லா நாணயங்களின் பட்டியல், வேறொன்றும் இல்லை. அதுவும் லெவல்டிபி-தான், பத்து ஜிபி-க்கு மேல் வரும். புதுப் பரிவர்த்தனை வந்தால் பழைய பிளாக்குகளைத் தோண்ட வேண்டாம், இந்தப் பட்டியலில் அந்த நாணயம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு பிளாக்கைச் செயினில் சேர்ப்பது என்றால் அது செலவழிக்கும் நாணயங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அது உண்டாக்கும் நாணயங்களைச் சேர்ப்பது.

சேர்த்ததைத் திரும்ப எடுக்க வேண்டுமானால்? உண்டானதை அழிப்பது சுலபம், பிளாக்கிலேயே இருக்கிறது. செலவானதைத் திரும்ப வைக்க அதன் தொகை, பூட்டு (யார் செலவழிக்கலாம் என்ற நிபந்தனை), எந்த உயரத்தில் உண்டானது எல்லாம் தெரிய வேண்டும், அவை பிளாக்கில் இல்லை. அதனால் ஒவ்வொரு பிளாக்கையும் சேர்க்கும்போதே அது செலவழித்த நாணயங்களின் முழு விவரத்தையும் ரெவ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. கடைக்காரர் ரசீதின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது மாதிரி. கிளை மாற வேண்டும் என்றால் நுனியிலிருந்து ஒவ்வொரு பிளாக்காக ரெவ்வைப் பார்த்துப் பின்னால் வருகிறது, பிரிந்த இடத்தை அடைந்ததும் புதுக் கிளையின் பிளாக்குகளை ஒவ்வொன்றாக முழுதாகச் சரிபார்த்துச் சேர்க்கிறது. கழன்ற பிளாக்குகளில் இருந்த பரிவர்த்தனைகள், இன்னும் செல்லுபடியாகும் என்றால், மெம்பூலுக்கு (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் இடத்துக்கு) திரும்பிப்போகும். புதுக் கிளையில் நடுவே ஒரு பிளாக் தப்பு என்று தெரிந்தால் அதைக் குறித்துவிட்டு அடுத்த சிறந்த நுனியைத் தேடுகிறது.

சேமிக்கும் விதம் செயின் தேர்வைப் பாதித்திருக்கிறதா? இரண்டும் வேறு வேறு இல்லையா?

வேறு வேறு என்றுதான் எழுதியவர்களே நம்பியிருந்தார்கள், 2013 மார்ச் வரை.

0.7 பதிப்பு வரை டேட்டாபேஸ் பெர்க்லிடிபி. 2013 பிப்ரவரியில் வந்த 0.8-இல் வேகத்துக்காக லெவல்டிபி-க்கு மாறினார்கள். விதிகள் ஒன்றையும் தொடவில்லை. மார்ச் 11 இரவு 2,25,430-ஆம் உயரத்தில் நிறையப் பரிவர்த்தனைகள் அடங்கிய ஒரு பெரிய பிளாக் வந்தது. விதிப்படி அதில் ஒரு குறையும் இல்லை. 0.8 ஏற்றுக்கொண்டது. ஆனால் பெர்க்லிடிபி ஒரு மாற்றத்தை எழுதும்போது தொடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூட்டு எடுக்கும், அதற்கு அமைப்பில் ஓர் உச்சவரம்பு இருந்தது, இந்த பிளாக்குக்கு அது போதவில்லை. பழைய நோட்கள் பலவும் பூட்டு கிடைக்காததை "இந்த பிளாக் செல்லாது" என்று எடுத்துக்கொண்டன. யாரும் எழுதாத, யாருக்கும் தெரியாத ஒரு விதி, டேட்டாபேஸ் அமைப்புக்குள் ஒளிந்திருந்திருக்கிறது!

மைனிங் சக்தியில் பெரும்பகுதி 0.8 பக்கம் இருந்ததால் அந்தக் கிளை முன்னால் ஓடியது. பழையது அதை ஒருபோதும் ஏற்காது, புதியதோ பழைய கிளை அதிக உழைப்பைப் பெற்றால் அதை ஏற்கும். எனவே சேர வேண்டுமென்றால் எல்லாரும் பழைய பக்கம்தான் வர வேண்டும். பெரிய மைனிங் குழுக்கள் தங்கள் வருமானத்தை விட்டுக்கொடுத்து 0.7-க்கு இறங்கின. சில மணி நேரத்தில் பழைய கிளை முந்தியது, 0.8 பக்கத்தின் 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. இடையில் கிட்டத்தட்ட 10,000 டாலர் மதிப்புள்ள ஒரு பரிவர்த்தனை இரண்டு முறை செலவாகியும் விட்டது. அந்த இரவில் வருமானத்தை விட்டவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. டேட்டாபேஸை மாற்றுவதில் பிட்காயின் கோர் ஆட்கள் இவ்வளவு தயங்குவது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இந்தக் கதையைத்தான்.

இதைவிடப் பெரிய பின்வாங்கல் நடந்திருக்கிறதா?

2010 ஆகஸ்ட் 15. 74,638-ஆம் பிளாக்கில் கூட்டல் கணக்கில் இருந்த ஓட்டையால் 18,400 கோடிக்கு மேல் பிட்காயின் ஒரே பரிவர்த்தனையில் முளைத்தது, உச்சவரம்பே 2.1 கோடிதான். சில மணி நேரத்தில் திருத்திய பதிப்பு வந்தது, அதை நிறுவியவர்கள் கட்டிய கிளை 74,691-ஆம் உயரத்தில் கெட்ட கிளையை முந்தியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிளாக்குகள் காணாமல் போயின.

தோற்ற பிளாக்குகள் டிஸ்கிலிருந்து அழிந்துவிடுமா?

அழியாது, வந்த இடத்திலேயே கிடக்கும். கெட்செயின்டிப்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், மரத்தின் எல்லா நுனிகளையும் காட்டும். "ஆக்டிவ்" என்பது இப்போதைய செயின். "வேலிட்-ஃபோர்க்" என்றால் முழுதாகச் சரிபார்த்து ஒரு காலத்தில் நாம் நின்ற கிளை. "வேலிட்-ஹெடர்ஸ்" என்றால் பிளாக் கையில் இருக்கிறது, ஆனால் முழுதாகச் சரிபார்க்கவில்லை, தேவை வரவில்லை. "ஹெடர்ஸ்-ஒன்லி" என்றால் பிளாக்கே கைக்கு வரவில்லை. "இன்வேலிட்" விளக்கம் வேண்டாத ஒன்று. பல மாதம் ஓடிய நோட்டில் இந்தப் பட்டியலைப் படிப்பது எனக்குப் பிடிக்கும், ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஒரு மைனர் நூலிழையில் தோற்ற கதை.

600 ஜிபி இடம் இல்லை. என்ன செய்யலாம்?

ப்ரூன் செய்யலாம். குறைந்தது 550 எம்பி கொடுத்தால் போதும், சரிபார்த்து முடித்த பழைய பிஎல்கே, ரெவ் ஃபைல்களை ஃபைல் ஃபைலாக நீக்கிவிடும், கடைசி 288 பிளாக், அதாவது சுமார் இரண்டு நாள், எப்போதும் இருக்கும். செயின்ஸ்டேட்டும் இண்டெக்ஸும் முழுதாக இருக்கும் என்பதால் எது சரி என்று முடிவு செய்யும் உங்கள் உரிமையில் ஒரு குறையும் இல்லை. இதை அரைகுறை நோட் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரண்ட் போய்விட்டது, இப்போது மென்பொருள் கிளம்ப மறுக்கிறது.

எனக்கும் நடந்தது, பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில். வேகத்துக்காக நாணயப் பட்டியலின் மாற்றங்களை மெமரியில் சேர்த்து வைத்து அவ்வப்போதுதான் டிஸ்கில் எழுதும். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும். லெவல்டிபி-யே கெட்டிருந்தால் முதலில் "ரீஇண்டெக்ஸ்-செயின்ஸ்டேட்" போடுங்கள், கையில் உள்ள பிளாக்குகளை வைத்துப் பட்டியலை மட்டும் திரும்பக் கட்டும். இண்டெக்ஸும் கெட்டிருந்தால் "ரீஇண்டெக்ஸ்". பதிவிறக்கம் வேண்டாம், பொறுமை வேண்டும். ப்ரூன் செய்தவர்களுக்கு மட்டும் பழைய பிளாக் இல்லாததால் எல்லாவற்றையும் திரும்ப இறக்கித்தான் ஆக வேண்டும். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

"அஸ்யூம்வேலிட்" என்று ஒரு பிளாக்கின் ஹேஷை மென்பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறார்களாமே? அது செயினை அவர்கள் தேர்ந்தெடுப்பது ஆகாதா?

ஆகாது. அந்த பிளாக்குக்கு முன்னால் உள்ளவற்றில் கையொப்பங்களைச் சரிபார்க்கும் வேலையை மட்டும் விட்டுவிடுகிறது, மற்ற விதிகள் எல்லாம் சரிபார்க்கப்படும். அதைவிட அதிக உழைப்புள்ள வேறு செல்லுபடியாகும் கிளை வந்தால் அங்கேதான் போகும். சந்தேகமாக இருந்தால் சுழியம் கொடுத்து அணைத்துவிடலாம், நேரம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவே இல்லாமல். ரெக்டெஸ்ட் என்ற சோதனை முறையில் ஒரே கணினியில் இரண்டு நோட் கிளப்புங்கள், வேறு வேறு ஃபோல்டர், வேறு வேறு போர்ட். இணைத்துவிட்டு ஒன்றில் 100 பிளாக் உண்டாக்குங்கள், மற்றதும் அதே 100-க்கு வரும். இப்போது இணைப்பைத் துண்டித்துவிட்டு முதலாவதில் 3 பிளாக், இரண்டாவதில் 4 பிளாக். ரெக்டெஸ்டில் எல்லா பிளாக்குக்கும் ஒரே கடினத்தன்மை என்பதால் இங்கே மட்டும் எண்ணிக்கையும் உழைப்பும் ஒன்றுதான். முதலாவது நோட்டின் டீபக்.லாக் ஃபைலை ஒரு பக்கம் ஓடவிட்டுவிட்டுத் திரும்ப இணையுங்கள். "அப்டேட்டிப்" என்ற வரிகளில் உயரம் 103-இலிருந்து 102, 101, 100 என்று இறங்கும், அப்புறம் வேறு ஹேஷ்களோடு 101, 102, 103, 104.